அத்தியாயம் 6: ஒற்றைத் தட்டில் அடுக்கு கேக்

புதுநன்மை, பிறந்தநாள், பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தை குடும்பம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டிலேயே அடுக்கு கேக் செய்ய முடிவெடுத்துவிட்டீர்கள். ஒரே அளவில் மூன்று வட்ட டின் வாங்க நேரு வீதிக்குக் கிளம்பப் போகிறீர்கள். கிளம்ப வேண்டாம். உங்கள் ஓ.டி.ஜி. ஓவனோடு ஒரு கறுப்புத் தட்டு வந்திருக்கும். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அது அலமாரி மேலேயே கிடக்கும். அதை இறக்கிக் கழுவி வையுங்கள், போதும்.

மாவை உயரமாக ஊற்றி வேகவைத்து, பிறகு கத்தியால் அடுக்கடுக்காக அறுப்பது ஒரு வழி. தட்டில் மெல்லிசாகப் பரப்பி வேகவைத்து, துண்டு போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் கேக் வேக 35 முதல் 40 நிமிடம் ஆகும், முழுக்க ஆற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நடு வேகும்வரை காத்திருந்தால் ஓரம் காய்ந்துவிடும். நேராக அறுக்கக் கைப்பழக்கமும் வேண்டும். இரண்டாவது வழியில் 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும், 20 நிமிடத்தில் ஆறிவிடும், அறுக்கும் வேலையே இல்லை. பிரெஞ்சு பேஸ்ட்ரிக் கடைகளில் ஓபரா கேக்கும், கிறிஸ்துமஸுக்குச் சுருட்டுகிற பூஷ் கேக்கும் தட்டில் வெந்த மெல்லிய கேக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

டிசம்பரில் புதுச்சேரி வீடுகளில் செய்யும் விவிக்கம் இந்த வகையில் சேராது. ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழங்கள், முந்திரி என்று கனமாக இருப்பதுதான் அதன் அழகு. இங்கே நாம் பார்ப்பது விரலால் அழுத்தினால் துள்ளி எழும் லேசான கேக்.

அறை வெப்பநிலை என்ற பொறி

வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த ஊரில் முதலில் சறுக்கும் இடம் இது. ‘வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்’ என்று அதில் இருக்கும். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அடுக்களை மே மாதத்தில் 34 டிகிரியைத் தாண்டும், மழைக் காலத்திலும் 27க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் குழைக்கும்போது காற்றைப் பிடித்து வைக்க வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் மேடையில் அரை மணி நேரம் வைத்த வெண்ணெய் பளபளவென்று எண்ணெய் விட ஆரம்பித்துவிடும். அதில் காற்று நிற்காது. கேக் கனத்துப் போய், அடியில் ஈரமாக ஒரு பட்டை விழும்.

ஆகவே லேசான கேக்குக்கு இந்த ஊரில் வெண்ணெயை நம்பாதீர்கள், முட்டையை நம்புங்கள். முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து நுரைக்க வைக்கும் ழெனுவாஸ் முறைக்கு வெதுவெதுப்புத்தான் தேவை. முட்டைக் கலவை 40 டிகிரியில் இருந்தால் வேகமாக நுரைக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் அதற்காக வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து நெடுநேரம் கிளறுவார்கள். நமக்குப் பாதி வேலையை வெயிலே செய்துவிடுகிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

25 × 35 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு:

- முட்டை 4 (ஓடு நீக்கி 190 முதல் 200 கிராம், சின்ன முட்டை என்றால் 5)
- சர்க்கரை 110 கிராம்
- மைதா 90 கிராம், கார்ன்ஃப்ளவர் 20 கிராம்
- வெண்ணெய் 30 கிராம், பால் 1 மேசைக்கரண்டி
- வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி
- உப்பு 1 சிட்டிகை (வெண்ணெய் உப்பு போட்டதென்றால் வேண்டாம்)

நம் கடைச் சர்க்கரை பெரிய மணி. மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் சீக்கிரம் கரையும். கார்ன்ஃப்ளவர் சேர்ப்பது மைதாவின் பசைத்தன்மையைக் குறைக்கத்தான். அதை விட்டுவிட்டால் கேக் கொஞ்சம் இழுபடும். பேக்கிங் பவுடர் பட்டியலில் இல்லை. மறந்துவிடவில்லை. முட்டை சரியாக நுரைத்தால் அது தேவைப்படாது. முதல்முறை செய்கிறவர்கள் தைரியத்துக்கு அரைத் தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கடற்கரை ஊரில் திறந்து வைத்த பேக்கிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்கவில்லை என்றால் தூக்கி எறியுங்கள்.

சாமான்களில் தராசு, கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் பீட்டர், பட்டர் பேப்பர், சல்லடை, ரப்பர் கரண்டி, கம்பி வலை. டம்ளர் கணக்கு இங்கே உதவாது. மைதாவை அமுக்கி அள்ளினால் ஒரு டம்ளருக்கு 20, 30 கிராம் கூடிவிடும். மெல்லிய கேக்கில் அது உடனே தெரியும். டின்னுக்காக எடுத்து வைத்த காசில் ஒரு தராசும், ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி. குமிழில் 180 என்று எழுதியிருந்தால் உள்ளேயும் 180 இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் தட்டு வேறு அளவா?

ஓவனுக்கு ஓவன் தட்டு மாறும். கணக்கு எளிது: நீளத்தை அகலத்தால் பெருக்கி 220 ஆல் வகுங்கள். வருவதுதான் முட்டையின் எண்ணிக்கை. 25 × 35 = 875; 220 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4. ஒரு முட்டைக்குச் சர்க்கரை 27 கிராம், மாவு மொத்தம் 27 கிராம். வட்ட டின் என்றால் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 0.785 ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். 20 சென்டிமீட்டர் டின்னுக்கு 314 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் அடுக்குக்கு ஒன்றரை முட்டை.

தட்டின் விளிம்பு 2 சென்டிமீட்டராவது இருக்கட்டும். தட்டு ஓவன் சுவரை ஒட்டி அடைத்துக்கொண்டு நின்றால் கீழ்ச்சூடு மேலே ஏறாது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்கிற தட்டைக் கம்பி வலையின்மேல் வைப்பதே நல்லது.

ஓவனைப் போடும் முன்

ஓ.டி.ஜி. பெரும்பாலும் 1500 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் செருகி வைத்து ஓட்டுவது ஆபத்து; பிளக் கறுத்து உருகும். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் கயிறு வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டரும் வேண்டாம். ஓவனின் பின்புறமும் பக்கங்களிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். திரைச்சீலையோ பிளாஸ்டிக் டப்பாவோ மேலே, அருகே இருக்கக்கூடாது. கண்ணாடிக் கதவு வெளியிலும் கொதிக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேடையின் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். ஈரத்துணியால் தட்டை எடுக்காதீர்கள். ஈரம் சூட்டைக் கைக்குக் கடத்திவிடும். காய்ந்த தடித்த துணி அல்லது கையுறை.

செய்முறை

1. ஓவனை 190 டிகிரியில், மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரிய, 15 நிமிடம் முன்பாகவே போடுங்கள். வலை நடுத் தட்டில் இருக்கட்டும்.

2. பட்டர் பேப்பரைத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நான்கு மூலையிலும் உள்நோக்கிக் கீறிவிட்டுப் படிய வையுங்கள். தட்டில் நாலு இடத்தில் வெண்ணெய் தொட்டு வைத்தால் பேப்பர் நகராது. பேப்பரின் மேல் எதுவும் தடவ வேண்டாம்.

3. மைதா, கார்ன்ஃப்ளவர், உப்பு மூன்றையும் இரண்டு முறை சலியுங்கள். வெண்ணெயையும் பாலையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள்.

4. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை. இன்னொரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, அதன்மேல் முட்டைப் பாத்திரத்தை வையுங்கள். அடிப்பாகம் தண்ணீரைத் தொடக்கூடாது. இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளறுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் சர்க்கரை நெருடக்கூடாது. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது இதைச் செய்தால் ஓரத்தில் முட்டை வெந்து திரியும்.

5. இறக்கி வைத்து பீட்டரை உச்ச வேகத்தில் 6 முதல் 8 நிமிடம் ஓட்டுங்கள். கலவை வெளுத்து மூன்று மடங்காகப் பொங்கும். பீட்டரைத் தூக்கி, வழிகிற கலவையால் மேலேயே ‘8’ என்று எழுதுங்கள். எழுத்து பத்து எண்ணும்வரை கலையாமல் நின்றால் முடிந்தது. மூன்று எண்ணுவதற்குள் மறைந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

6. பீட்டரைக் குறைந்த வேகத்துக்கு மாற்றி இன்னும் 2 நிமிடம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய குமிழ்கள் உடைந்து சிறியவையாக, ஒரே சீராக ஆவது இந்த இரண்டு நிமிடத்தில்தான். ஓட்டை ஓட்டையான கேக் வருவதற்கும் மிருதுவான கேக் வருவதற்கும் இதுவே வித்தியாசம். வெனிலாவை இப்போது சேருங்கள்.

7. மாவை மூன்று பங்காகச் சலித்தபடியே தூவி, ரப்பர் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். கரண்டியை நடுவில் இறக்கி, அடியைத் தொட்டு, பக்கவாட்டில் ஏற்றி, மேலே புரட்டுவது. ஒவ்வொரு புரட்டலுக்கும் பாத்திரத்தைக் கால் வட்டம் திருப்புவது. இட்லி மாவு கலக்குவது போலக் கையைச் சுழற்றினால் பிடித்து வைத்த காற்றெல்லாம் போய்விடும்.

8. உருகிய வெண்ணெயில் ஒரு கரண்டி மாவை விட்டுக் கலந்து, அதை மீண்டும் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஏழெட்டு புரட்டலில் முடியுங்கள். வெண்ணெயை நேரடியாக ஊற்றினால் அடியில் போய்த் தங்கும். பிறகு அதைத் தேடிக் கலக்கியே நுரை அடங்கிவிடும்.

9. தட்டில் ஊற்றி, மூலைகளுக்கு முதலில் தள்ளி, அப்புறம் நடுவைச் சமன் செய்யுங்கள். நாலைந்து தீற்றலுக்குமேல் போகாதீர்கள். தட்டை மேடையில் ஒருமுறை லேசாகத் தட்டுங்கள்.

10. உடனே ஓவனில். எட்டாவது நிமிடம்வரை கதவைத் திறக்காதீர்கள். மேலே வெளிர்பொன் நிறம், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழுவது, ஓரம் பேப்பரை விட்டு விலகுவது: இந்த மூன்றும் தெரிந்தால் எடுத்துவிடலாம். 10 முதல் 12 நிமிடம் ஆகும். 14 நிமிடம் என்பது தாமதம்.

11. பேப்பரோடு கேக்கை வலைக்கு இழுத்து விடுங்கள். தட்டிலேயே விட்டால் தட்டின் சூட்டில் தொடர்ந்து காய்ந்துகொண்டிருக்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி போர்த்துங்கள். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது.

12. ஆறியதும் இன்னொரு பேப்பரில் கொஞ்சம் சர்க்கரைத் தூள் தூவி, கேக்கைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் பேப்பரை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள்.

சரியாக வராவிட்டால்

அடியில் ரப்பர் போல ஒரு படலம் இருந்தால் வெண்ணெய் சரியாகக் கலக்கவில்லை, அல்லது மாவைத் தட்டில் ஊற்றிவிட்டு ஓவன் சூடாகக் காத்திருந்தீர்கள். இந்த மாவு காத்திருக்காது. மாவுக் கட்டிகள் தெரிந்தால் சலிக்காமல் கொட்டியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் கறுத்து இன்னொரு பக்கம் வெளுத்திருந்தால் உங்கள் ஓவனின் சூடு அப்படி. எட்டாவது நிமிடம் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். கேக் வளைக்கும்போது முறிந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்திருக்கிறது. அடுக்குவதற்கு அது தடையில்லை, பாகு கொஞ்சம் கூட விட்டால் சரியாகிவிடும். பூஷ் சுருட்டத்தான் முடியாது.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் நடுவே மின்சாரம் போகலாம். உயரமான கேக் என்றால் அது அமுங்கிப்போகும். மெல்லிய கேக் ஆறேழு நிமிடம் வெந்திருந்தால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டாவது தட்டு வேண்டுமென்றால்

பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு தட்டு கேக் தேவைப்படும். தட்டு ஒன்றுதான். இரட்டிப்பு அளவில் மாவைக் கலந்து பாதியை ஒதுக்கி வைப்பது இங்கே பெரிய தவறு. கால் மணி நேரத்தில் நுரை அடங்கிவிடும். இரண்டு தட்டை மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் வைப்பதும் வேண்டாம். ஓ.டி.ஜி.யில் ஒன்று மற்றொன்றின் சூட்டை மறைக்கும்.

முதல் சுற்றுக்கு எடை போடும்போதே இரண்டாவது சுற்றுக்கும் மாவு, சர்க்கரையை எடை போட்டு வைத்துவிடுங்கள். முதல் கேக் வெளியே வந்து, பேப்பரோடு வலைக்குப் போன பிறகு, ஓவனை எரியவிட்டு, இரண்டாவது முட்டையை அடிக்கத் தொடங்குங்கள். அடிக்கிற பத்து நிமிடத்தில் தட்டு ஃபேனுக்குக் கீழே ஆறிவிடும். சுடும் தட்டைக் குழாயடியில் காட்டினால் கோணிக்கொள்ளும். சூடான தட்டிலேயே மாவை ஊற்றினாலோ அடி உடனே இறுகி, மேலே எழும்பாது.

நறுக்கும் கணக்கு

எளிதான வடிவம் நீளக் கட்டை. 35 சென்டிமீட்டர் பக்கத்தை நான்காகப் பிரித்தால் சுமார் எட்டேமுக்கால் சென்டிமீட்டர் அகலத்தில், 25 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு பட்டைகள். நான்கு அடுக்கு கேக், பத்துப் பேருக்கு வரும். பேக்கரிக் கேக் மாதிரி வட்டமாகத்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. 15 சென்டிமீட்டர் தட்டு அல்லது மூடியைக் கவிழ்த்து வைத்து, கேக்கின் ஒரு நீள ஓரத்தை ஒட்டி இரண்டு முழு வட்டம் வெட்டுங்கள். மறுபுறம் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீளப் பட்டை மிஞ்சும். அதிலிருந்து இரண்டு அரைவட்டம் வரும். அரைவட்டங்களைச் சேர்த்து நடு அடுக்காக வைத்து, மேலும் கீழும் முழு வட்டம் வைத்தால் ஒட்டுப்போட்டது வெளியே தெரியாது. மிச்சத் துணுக்குகளைக் கஸ்டர்டில் போட்டுக் குழந்தைகளிடம் கொடுங்கள்.

ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல் முன்பின் இழுத்து வெட்டுங்கள். வெட்டும் முன் கேக்கைப் பேப்பர் சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் துகள் உதிராது.

பாகு

இந்த வகைக் கேக்கில் கொழுப்பு குறைவு. வெறுமனே தின்றால் உலர்ந்திருப்பதாகத் தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் எப்போதும் பாகு விட்டு நனைத்தே அடுக்குவார்கள். 100 மி.லி. தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். ஆறிய பின் பெரியவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி ரம் (இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை), பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சாறு, இரண்டும் வேண்டாமென்றால் டிகாஷன். ஓர் அடுக்குக்கு 20 முதல் 25 மி.லி., தூரிகையால் தொட்டுத் தொட்டு. கரண்டியால் ஊற்றினால் ஒரு இடம் சொதசொதக்கும்.

நடுவில் எதை வைப்பது

வெண்ணெய் கிரீம் நம் வெயிலில் வழியும். அதை டிசம்பர், ஜனவரிக்கு ஒதுக்கிவிடுங்கள். வருடம் முழுவதும் கைகொடுப்பது பேஸ்ட்ரி கஸ்டர்டில் அடித்த கிரீமை மடித்துச் சேர்ப்பது.

1. 300 மி.லி. பாலைச் சூடாக்குங்கள். 3 மஞ்சள் கரு, 60 கிராம் சர்க்கரை, 25 கிராம் கார்ன்ஃப்ளவரைத் தனியே கட்டியில்லாமல் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள்.

2. மறுபடி அடுப்பில் வைத்து விடாமல் கிண்டுங்கள். கெட்டியானதும் பலர் இறக்கிவிடுகிறார்கள். வேண்டாம். குமிழ் விட ஆரம்பித்து ஒரு முழு நிமிடம் கொதிக்க வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு. கொதி வந்தால்தான் அது செயலிழக்கும். இல்லையென்றால் மறுநாள் கஸ்டர்ட் தண்ணீர் விட்டுவிடும். முட்டையில் கிருமி இருந்தாலும் இந்தக் கொதியில் அழிந்துவிடும்.

3. அகலத் தட்டில் பரப்பி, மேலே ஆடை படியாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி, ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சீக்கிரம் ஆற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

4. 150 மி.லி. விப்பிங் கிரீமை அடித்து, குளிர்ந்த கஸ்டர்டைத் தளர்த்தி, இரண்டையும் மடித்துச் சேருங்கள்.

பாலாடைக் கிரீம் வாங்கும்போது அட்டையைத் திருப்பிக் கொழுப்பின் அளவைப் பாருங்கள். ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று விற்கும் 25 சதவீதக் கொழுப்புள்ளது எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 30 சதவீதமாவது வேண்டும், 35 என்றால் நிம்மதி. பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, ஐஸ் மேல் வைத்தே அடியுங்கள். தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். தாண்டினால் வெண்ணெய் திரண்டுவிடும். பேக்கரிகளில் பயன்படுத்தும் தாவரக் கொழுப்பு கிரீம் வெயிலைத் தாங்கும், அடிப்பதும் சுலபம். ஆனால் அதன் தித்திப்பும் வாயில் ஒட்டும் பிசுக்கும் எனக்குப் பிடிக்காது. மதிய விருந்து, மொட்டை மாடி, ஷாமியானா என்றால் மட்டும் அதற்குப் போகலாம்.

மாம்பழக் காலத்தில் பழத்துண்டுகளைச் சேர்க்கிறவர்கள் துண்டுகளைச் சல்லடையில் போட்டுச் சாற்றை வடித்துவிட்டு, நடுவில் மட்டும் வைக்க வேண்டும். ஓரம்வரை வைத்தால் அடுக்கு வழுக்கும். மிஞ்சிய மூன்று வெள்ளைக் கருவை மெரிங் செய்யலாம் என்று தோன்றும். ஈரக் காற்றில் அது ஒரு மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும். காலையில் தோசையில் ஊற்றிவிடுங்கள்.

அடுக்குவது

கீழ்ப்பட்டையைக் கனமான அட்டையில் ஒரு பொட்டு கிரீம் வைத்து ஒட்டுங்கள். பாகு, கிரீம், பட்டை, இதே வரிசை. கிரீம் அரை சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போனால் மேல் அடுக்கின் பாரத்தில் பிதுங்கும். கடைசிப் பட்டையைக் கவிழ்த்து, பேப்பர் உரித்த பக்கம் மேலே வரும்படி வையுங்கள். மேற்பரப்பு தட்டையாக இருக்கும். மிச்ச கிரீமை மெல்லிசாக வெளியே பூசி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ். பிறகு இரு முனைகளிலும் ஒரு விரல் அகலம் வெட்டி எறியுங்கள், அடுக்குகள் அழகாகத் தெரியும். அலங்காரம் இவ்வளவு போதும்.

நேரம் போதாதவர்கள் கஸ்டர்டையும் பாகையும் முந்தின இரவே செய்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம். அன்று காலை கேக்குக்கு எடை போடுவதிலிருந்து வலையில் ஆறுவதுவரை ஒரு மணி நேரம், அடுக்க அரை மணி நேரம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பகல் ஒரு மணிக்கு வெட்டத் தயார். கேக்கையும் முந்தின இரவே செய்தால் பேப்பரோடு சுருட்டாமல் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஓவனே இல்லையென்றால்

குக்கரில் கேக் செய்கிறவர்கள் நிறைய. காய்ந்த பாத்திரத்தை முக்கால் மணி நேரம் அடுப்பில் வைப்பது குக்கருக்கு நல்லதல்ல; மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு அந்தச் சூட்டில் உருகும். பிறகு அதே குக்கரில் பருப்பு வைப்பது அபாயம். அதற்குப் பதில் அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரம், பொருத்தமான மூடி. அடியில் ஒரு கிண்ணம் கல் உப்பு, மேலே ஒரு வளையம், பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிப் பிறகு 18 சென்டிமீட்டர் டின்னில் ஒன்றரை முட்டைக் கலவை, சின்னத் தீயில் 15 முதல் 18 நிமிடம். ஒவ்வோர் அடுக்குக்கும் புதிதாக அடிக்க வேண்டும். மேலே நிறம் வராது, பதம் வரும். டின் இல்லையென்றால் விளிம்புள்ள தட்டையான அலுமினியத் தட்டு எவர்சில்வரைவிட நன்றாக வேகவைக்கும். அலுமினியம் சூட்டைச் சீராகப் பரப்பும்.

தோசைக்கல் மட்டும்தான் உண்டு என்றால் க்ரேப் அடுக்கு கேக். 250 கிராம் மைதா, 4 முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் உருகிய வெண்ணெய் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிசாக இருபது ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவே அதே கஸ்டர்ட். பஞ்சு போல இருக்காது, ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது.

டின்னைக் காப்பது

கடலுக்கு நாலு தெரு தள்ளி இருந்தாலும் உப்புக் காற்று தகர டின்னைத் துருப்பிடிக்க வைக்கும். கழுவித் துடைத்த தட்டை, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி, சமையல் எண்ணெய் ஒரு துளி தடவி, செய்தித்தாள் சுற்றி வையுங்கள். புதிதாக வாங்குவதானால் அலுமினியம்.

மேசைக்குக் கொண்டுபோவது

கஸ்டர்டும் கிரீமும் உள்ள கேக் ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக்கூடாது. வெளியே 32 டிகிரிக்குமேல் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் பாதி வருடம் அப்படித்தான். கோவிலில் பூசை முடிந்து போட்டோ எடுத்து எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு வெளியே எடுங்கள். லாஸ்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டைக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோவதென்றால் கேக்கை ஒரு மணி நேரம் ஃபிரீசரில் இறுக வைத்து, அளவான அட்டைப் பெட்டியில், ஸ்கூட்டரின் கால் வைக்கும் தளத்தில் தட்டையாக வையுங்கள். மடியில் வைத்தால் சாயும், உடம்புச் சூட்டில் இளகும். வெட்டும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்க வேண்டும். மிஞ்சினால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள்; மூன்றாம் நாள் வேண்டாம்.